பெயர் எழுதப்படாத மூதாட்டி: தென்திருவிதாங்கூர்த் தமிழ்க் குடும்பமொன்றின் கொடிவழித் தேடல்

முன்னுரை

அரச மரபுகளின் கொடிவழியை வகுப்பதற்குத் தமிழில் மெய்க்கீர்த்திகளும் செப்பேடுகளும் உள்ளன. மடங்களுக்குக் குருமரபு வரிசை உண்டு. சிற்றூரில் பிறந்து, உழுது, மணந்து, மக்களைப் பெற்று மறைந்த எளிய குடும்பத்தினருக்கு அத்தகைய வரிசை எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. நீத்தார் கடனில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லும் வழக்கம் உள்ள குடும்பங்களிலும் நான்காம் தலைமுறை நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. இறந்த மாதமும் திதியும் நினைவில் நிற்கின்றன, ஆண்டு நிற்பதில்லை. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு சிற்றூர் மூதாதையைத் தேட முனைபவர், கேள்வியுற்ற கதைகளையும் சிதறிக்கிடக்கும் ஆவணங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முன்செல்ல வேண்டியுள்ளது.

இக்கட்டுரை அத்தகைய தேடல் ஒன்றின் முறையை விளக்குகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வாழ்ந்துவரும், இக்கட்டுரையாளரின் தாய்வழிக் குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. குடும்பத்தினர் வாழ்ந்துவருவதால் அவர்தம் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நாஞ்சில் நாட்டிலிருந்து தலைநகருக்குக் குடிபெயர்ந்த மருமக்கள்வழித் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் தந்தைவழிக் கொடிவழியாக வரைந்தால் உண்மையான மூதாதை மறைந்துபோவாள் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தலைநகரும் நாஞ்சில் நாடும்

ஸ்ரீவராகம் திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியை அடுத்தது. வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் இப்பகுதிக்கு அடையாளமாக விளங்குகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. சுவாதித் திருநாள் ஆட்சியில், 1830இல், உசூர்க் கச்சேரி எனப்பட்ட தலைமை அலுவலகம் கொல்லத்திலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டது. அரண்மனை, கோயில், கச்சேரி, சாலைக் கடைத்தெரு ஆகிய நான்கும் ஓரிடத்தில் அமைந்தமையால் கணக்கெழுதுவோரும் வணிகரும் இசைவாணரும் சமையல்தொழில் செய்வோரும் தெற்கிலிருந்து வந்து குடியேறினர். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாட்டுக்கும் தலைநகருக்கும் இடையே வண்டிப் போக்குவரத்து இடைவிடாது நிகழ்ந்தது. நாஞ்சில் நாட்டுத் தமிழர்க்கு இது அயல்நாட்டுப் பயணமன்று. ஒரே அரசின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சென்றதே ஆகும்.

இந்த அரசியல் ஒருமை 1956 நவம்பர் 1 அன்று முடிவுற்றது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கு இதன் விளைவு எளிதன்று. மூதாதை பிறந்த ஊரின் நிலப்பதிவுகளும் பத்திரப்பதிவுகளும் நாஞ்சில் நாட்டு அலுவலகங்களில் உள்ளன. அதே மூதாதை ஊதியம் பெற்ற அரசின் கோப்புகளும் கோயில் ஓலைகளும் திருவனந்தபுரத்தில் உள்ளன. முன்னவை தமிழையும் பின்னவை பெரும்பாலும் மலையாளத்தையும் நாடச் செய்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் பாதிக் குடும்பத்தையே காண்பார்.

காலக் கணக்கிலும் கவனம் தேவை. ஆவணங்களில் காணப்படுவது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் வழக்கில் அது ஆவணி மாதம் தொடங்குவது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824ஐயும், அதன்பின் ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மாதத்தைப் பாராமல் 825ஐக் கூட்டிவிடுவதால் ஓராண்டுப் பிழை நேர்வதுண்டு. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே உறவு நாட்டும்போது இச்சிறு பிழை மகனைத் தந்தையின் மறைவுக்குப் பின் பிறக்கச் செய்துவிடக்கூடும்.

பெயர் தரும் சான்றும் தடையும்

தமிழர் கொடிவழித் தேடலில் முதற்சான்று தலைப்பெழுத்தே. மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் (1855-1897) குடும்பத்தை இதற்குக் காட்டலாம். ஆலப்புழையில் பிறந்த அவருடைய முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பர். தந்தை பெருமாள் பிள்ளை. தாய் மாடத்தி அம்மாள். சுந்தரனாரின் மகன், விடுதலைப் போராட்ட வீரரும் 1954இல் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சராக விளங்கியவருமான பி.எஸ். நடராஜ பிள்ளை (1891-1966). பெருமாள், சுந்தரம், நடராஜன் என மூன்று தலைமுறை இரண்டே எழுத்துகளிலும் ஒரு பெயரிலும் அடங்கிவிடுகிறது. தந்தைவழிக் குடும்பங்களில் தலைப்பெழுத்து இவ்வாறு சுருக்கமான கொடிவழியாகப் பயன்படுகிறது. ஆனால், இந்த வரிசையில் மாடத்தி அம்மாளுக்கு இடமில்லை என்பதையும் கருத வேண்டும். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திராவிடில் அப்பெயரை நாம் அறிந்திருக்கமாட்டோம். புகழ்பெற்ற ஒருவரின் தாய்க்கே இந்நிலை எனில், புகழற்றவர்களின் தாயரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மருமக்கள்வழிக் குடும்பங்களில் இச்சான்று வேறுபொருள் தருகிறது. அங்குத் தலைப்பெழுத்து தந்தையினுடையதாக இருக்கலாம். தாய்மாமனாகிய காரணவருடையதாக இருக்கலாம். வீட்டுப் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருக்கலாம். எதுவென்று வேறு ஆவணத்தால் உறுதி செய்யாமல் தந்தை பெயரென்று கொள்வது பிழையில் முடியும்.

சமயம் மாறியவிடத்துப் பெயர்த்தொடர் முற்றிலும் அறுந்துவிடுகிறது. தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றக் காரணமான மயிலாடியைச் சேர்ந்த மகராசன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேதமாணிக்கம் ஆனார். 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயருக்கு மயிலாடியில் துணைநின்றவர் அவரே. இரு பெயரும் ஒருவரையே குறிப்பன என்பதைத் திருச்சபை வரலாறு பதிந்து வைத்துள்ளது. அவ்வாறு பதியப்படாத ஆயிரக்கணக்கானோரின் முன்னோரைத் தேடுபவர், திருமுழுக்குப் பதிவேட்டின் முதற்பக்கத்தோடு நின்றுவிட நேர்கிறது.

பெயரிடும் மரபில் ஒரு துணையும் உண்டு. பேரன், பேர்த்தி என்னும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபுகள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுதலைமுறையில் மீண்டும் தோன்றும் இவ்வழக்கத்தால் மறைந்த பெயரை அதன் பெயர்த்தியிடமிருந்து மீட்க வாய்ப்புண்டு. அதே வழக்கத்தால் பாட்டியையும் பேர்த்தியையும் ஒருவராகக் குழப்பிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வயதும் ஆண்டும் துணைவராத பெயரொற்றுமையைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

மருமக்கள்வழியும் குடும்பக் கதையும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள்வழி, நாயர் சமூகத்தின் மருமக்கள்வழியோடு முற்றிலும் ஒத்ததன்று. மனைவி கணவன் வீட்டிலேயே வாழ்வாள். மக்களும் அங்கேயே வளர்வர். ஆனால், குடும்பச் சொத்து கணவனின் மறைவுக்குப்பின் அவனுடைய சகோதரியின் மக்களாகிய அனந்தரவர்க்குச் செல்லும். மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்னும் பெயரிலும், மனைவிக்கு ‘நங்குடைமை’ என்னும் பெயரிலும் சிறுபங்கு கிடைப்பதுண்டு. வாழ்ந்த வீட்டில் உரிமையின்மையும், உரிமையுள்ள வீட்டில் வாழாமையும் ஆகிய இவ்விரட்டை நிலையே வழக்குகளுக்கும் கண்ணீருக்கும் காரணமாயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் அங்கத நூலில், பல மனைவியரை மணந்த காரணவர் ஒருவரின் கடைசி மனைவியைப் பேசவைத்து இந்நிலையைச் சித்திரித்தார்.

இக்கட்டுரையாளரின் தாய்வழிக் குடும்பத்தில் வழங்கும் கதை சுருக்கமானது. ‘பெரிய பாட்டா’ ஒருவர் தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கச்சேரியில் கணக்கெழுத வந்தார். ஸ்ரீவராகத்தில் வீடு கட்டினார். அவர் வழியில் வந்தவர்களே நாம் அனைவரும் என்பது கதை. முதியோர் மூவரிடம் தனித்தனியே கேட்டபோதும் இதே கதை கிடைத்தது. ஊரின் பெயரிலும் பாட்டாவின் பெயரிலும் மாறுபாடில்லை. மூவரும் ஒத்துக்கூறும் செய்தி நம்பத்தக்கது என்றே முதலில் கருதப்பட்டது. இளையோர் ஒருவர் அக்கதையின் அடிப்படையில், பாட்டாவை உச்சியில் வைத்துக் கொடிவழி வரைபடம் ஒன்றும் தயாரித்திருந்தார்.

அவ்வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. பாட்டாவின் மனைவி யார் என்பதை எவராலும் கூற இயலவில்லை. ஊரையும் உத்தியோகத்தையும் மறவாத நினைவு, நேர் மூதாட்டியை மட்டும் மறந்தது எவ்வாறு என்னும் வினாவே இத்தேடலுக்குத் தொடக்கமாயிற்று.

பாகபத்திரம் காட்டிய உண்மை

நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கான சட்டம் கொல்லம் 1101இல் (1926) நிறைவேறியது. மக்கள்வழி உரிமைக்கும் குடும்பச் சொத்தைப் பங்கிடுவதற்கும் அது வழிவகுத்தது. அதன்பின் எழுதப்பட்ட பாகபத்திரங்கள் குடும்ப வரலாற்றுக்குப் பெருஞ்சான்றுகள். பொதுச் சொத்தைப் பிரிப்பதற்கு முன் யார்யார் பங்குக்கு உரியவர், எந்தத் தாவழியில் வந்தவர், வயது என்ன என்பவற்றைச் சொல்லியாக வேண்டும். 1920களின் இறுதியில் எழுபது வயதடைந்த ஒருவர் 1850களின் இறுதியில் பிறந்தவர். அவர்தம் தாய் 1830களை ஒட்டிப் பிறந்தவராதல் கூடும். இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் பத்திரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பாலமாகிறது.

இக்குடும்பத்தின் பாகபத்திரம் கொல்லம் 1104ஆம் ஆண்டு தை மாதம், அதாவது 1929 சனவரியில், மலையாளத்தில் எழுதப்பட்டது. அதில் முதலாவதாகக் குறிக்கப்படுபவர் 71 வயதுடைய பெண்மணி. ஸ்ரீவராகத்து வீட்டைக் கட்டியவரை அப்பத்திரம் அவருடைய தந்தை என்று கூறவில்லை. ‘அம்மாவனும் காரணவரும்’ என்று கூறுகிறது. அதாவது, ‘பெரிய பாட்டா’ இக்குடும்பத்தின் பாட்டனார் அல்லர், தாய்மாமன். நாஞ்சில் வழக்கில் ‘பாட்டா’ என்பது பாட்டனையும் பாட்டன் நிலையிலுள்ள முதியவரையும் சுட்டும் சொல். மக்கள்வழி வந்தபின் பிறந்த தலைமுறைகள் அச்சொல்லுக்குத் தந்தையின் தந்தை என்னும் பொருளை மட்டும் கொண்டன. சட்டம் மாறியது, அதற்கேற்ப நினைவும் தன்னைத் திருத்திக்கொண்டது. மூவர் கூற்றும் ஒத்திருந்தமை உண்மைக்குச் சான்றன்று, மூவரும் ஒரே திருத்தத்தைப் பெற்றிருந்தனர் என்பதற்கே சான்று.

அப்படியானால் இக்குடும்பத்தின் மூதாதை அக்காரணவரின் சகோதரி. அவளைப் பற்றிப் பத்திரம் கூறுவது ஒரே தொடர்தான்: முதற்பங்காளியின் ‘காலஞ்சென்ற தாயார்’. பெயர் இல்லை. உரிமை அனைத்தும் அவள் வயிற்றின் வழியாக இறங்கியதென்று கூறும் ஆவணமே அவள் பெயரை எழுதவில்லை. பத்திரம் எழுதியவர்க்கு அது தேவைப்படவுமில்லை. உயிரோடிருப்பவரின் பங்கே அவருக்கு வேண்டியது.

அதே பத்திரத்தில் மற்றொரு செய்தியும் உள்ளது. காரணவரின் மறைவுக்குப்பின் அவருடைய மனைவியும் மக்களும் உகந்துடைமை பெற்றுக்கொண்டு, வீட்டில் தமக்கு மேற்கொண்டு உரிமையில்லை என ‘ஒழிமுறி’ எழுதிக் கொடுத்தனர் என்பது அது. அவர்கள் எங்குச் சென்றனர் என்பதைக் குடும்பத்தில் எவரும் அறியார். கொடிவழியின் உச்சியில் வைத்துப் போற்றப்பட்டவரின் சொந்த மக்கள், அவர் கட்டிய வீட்டிலிருந்து வெளியேறியவர்கள். வெளியேற்றிய தரப்பின் வழித்தோன்றல்களே இன்று அவரைப் பாட்டா என்று அழைக்கின்றனர்.

சகோதரி ஏன் ஸ்ரீவராகத்திற்கு வந்தாள்? நாஞ்சில் வழக்கப்படி அவள் கணவன் வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். முதியோர் ஒருவர், வரைபடத்தோடு பொருந்தாதது என்று தாமே ஒதுக்கி வைத்திருந்த ஒரு செய்தியைப் பின்னர் நினைவுகூர்ந்தார்: ஆச்சி ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள் என்பது. கணவன் இறந்து, அவன் சொத்து அவனுடைய மருமக்களுக்குச் சென்றமையால் அவள் அண்ணனை நாடியிருக்கலாம். இது ஊகமே. ஊகம் சரியெனில், தோவாளையில் அவளை வீடிழக்கச் செய்த அதே முறை, ஸ்ரீவராகத்தில் அவள் மக்களுக்கு வீடளித்து அவளுடைய அண்ணியை வீடிழக்கச் செய்தது எனலாம். மருமக்கள்வழியை இழப்போர் தரப்பிலிருந்து பாடிய கவிமணியின் நூலை இக்குடும்பத்தார் விரும்பிப் படித்ததுண்டு. தம் வீடு அந்நூலின் மறுதரப்பில் நின்றதை அறியாமலேயே படித்திருக்கின்றனர்.

அவள் பெயர் என்ன என்பதற்கும் பத்திரத்தில் மறைமுகமான குறிப்பு ஒன்று கிடைக்கிறது. அவளுடைய மக்கள் இருவரில் ஒருவர் முதற்பங்காளி. மற்றவர் அவர்க்கு முன்பே மறைந்த இளைய மகள். இவ்விரு தாவழிகளிலும் மூத்த பேர்த்தியர் ஒரே பெயர் உடையவராக இருக்கின்றனர். தாயின் தாய் பெயரை மூத்த பெண்ணுக்கு இடும் வழக்கத்தை நோக்க, அப்பெயரே மூதாட்டியின் பெயராதல் கூடும். எனினும், அது குலதெய்வத்தின் பெயராகவும் இருப்பதால் அக்காரணத்தாலேயே இருவர்க்கும் இடப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே முடிவு கூற இயலவில்லை.

பத்திரத்திற்கு முந்திய சான்றுகள்

பாகபத்திரத்திற்குப் பின்னோக்கிச் செல்லும் வழிகள் மூன்று. முதலாவது, பத்திரப்பதிவு. திருவிதாங்கூரில் பதிவுமுறை 1860களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதன்பின் நிகழ்ந்த ஒற்றி, விற்பனை, விடுதலை ஆகியன ஊர்வாரியாகத் தேடத்தக்கவை. பெண்டிர் பெயர் இவற்றில் விற்பவராகவும் வாங்குபவராகவும் மட்டுமன்றி, நான்கெல்லை கூறுமிடத்தில் அண்டை நிலத்து உடைமையாளராகவும் இடம்பெறுவதுண்டு. தம் குடும்பப் பத்திரத்தை மட்டும் தேடுபவர் இதனைக் காணமாட்டார். அண்டை வீட்டாரின் பத்திரத்தையும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, நிலவரிக் கணக்கு. கொல்லம் 914 (1738-39) முதலாகத் திருவிதாங்கூரில் ‘கண்டெழுத்து’ எனப்படும் நில ஆய்வுகள் நடைபெற்றன. 1886ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வழி விரிவான நிலவரித் திட்டம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. இக்கணக்குகள் நிலத்தையும் வரிசெலுத்துவோரையும் இணைப்பன. காரணவர் பெயரே இவற்றில் முன்நிற்கும் என்பதால் இங்கும் பெண் மறைவாள். எனினும், காரணவர் இறந்தபின் நிலம் யார் பெயருக்கு மாறியது என்பதைத் தொடர்ந்தால், இடையில் நின்ற பெண்ணின் இடத்தை உறுதி செய்யலாம். மாமன் பெயரிலிருந்து மருமகன் பெயருக்குச் சென்ற நிலம், இடையே ஒரு சகோதரி இருந்தாள் என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.

மூன்றாவது, ஓலை ஆவணங்கள். பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலக ஓலைகள் கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோட்டைப் பகுதியிலுள்ள அக்காப்பகம் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. ‘சுருணை’ எனச் சுருட்டிக் கட்டப்பட்ட அவ்வோலைகள் தமிழ், மலையாளம், வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எனப் பல எழுத்துகளில் அமைந்தவை. தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வெழுத்துப் பயிற்சி இன்றியமையாதது. தெற்கே, அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி கண்டறிந்து படியெடுத்தார், முனைவர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாற்றுக்கு வலுவான அடித்தளம் அமைத்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வகையில் உதவுவதில்லை என்பதையும் கூறவேண்டும். 1875ஆம் ஆண்டு வே. நாகமையா பொறுப்பில் நடைபெற்ற கணக்கெடுப்பு திருவிதாங்கூரின் மக்கள்தொகையை 23,11,379 எனக் காட்டுகிறது. நாம் தேடும் மூதாட்டி அந்த எண்ணுக்குள் ஒருத்தியாக அடங்கியிருக்கக்கூடும். ஆனால், அச்சிட்ட அறிக்கையில் எண்ணே உண்டு; பெயர் இல்லை.

எண்ணாக மட்டும் எஞ்சியோர்

முதலியார் ஓலைகளுள் நிலவிற்பனை ஓலைகளோடு அடிமை விற்பனை ஓலைகளும் உள்ளன. நிலமுடைய குடும்பத்தின் மூதாதையைத் தேடுபவர், அக்குடும்பம் உடைமையாகக் கொண்டிருந்த மனிதரையும் அதே கட்டில் காண நேரிடும். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் அடிமைகள் 1,64,864 பேர். 1853, 1855ஆம் ஆண்டுகளின் பிரகடனங்கள் வழியாகவே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நம் மூதாட்டி பிறந்த காலத்தில், அவள் வீட்டு வயலில் நாற்று நட்ட மற்றொரு பெண்ணும் இருந்திருப்பாள். முன்னவளின் வழித்தோன்றல்களுக்குப் பெயரில்லாத ஒரு தொடராவது எஞ்சியுள்ளது. பின்னவளின் வழித்தோன்றல்களுக்கு அதுவும் அரிது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. 1850இல்தான் வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் இடம்பெற்றது. சிற்றூர் உழவர் ஒருவரின் குடும்பத்தை இன்று அவருடைய வழித்தோன்றல்கள் அப்பட்டியலாலும், மாவட்ட அலுவலகத்து நிலப்பத்திரங்களாலும், குடும்ப விவிலியத்தின் வெற்றுத்தாள்களில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புக் குறிப்புகளாலும் இணைத்துவிடுகின்றனர். ஆனால் 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின்கீழ் வயது, பால், நிறம் ஆகியவையே பெரும்பாலும் குறிக்கப்பட்டன. பெயர்கள் 1870இல்தான் முழுமையாகத் தோன்றுகின்றன. ஆகவே, கறுப்பின மக்களின் தேடல் பலபோது 1870க்கு முன்னே செல்ல இயலாமல் நின்றுவிடுகிறது. ஆவணம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அவரையே அது நினைவில் வைக்கிறது என்பதை இரு நாடுகளும் ஒருசேர உணர்த்துகின்றன. தென்திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு லண்டன் மிஷன் சபைகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளே பெயர் தாங்கிய முதல் ஆவணங்களாக அமைவதுண்டு. அவற்றைப் பேணுதல் சமயக் கடமை மட்டுமன்று, வரலாற்றுக் கடமையும் ஆகும்.

சாத்தா கோயில் என்னும் சான்று

எழுத்துச் சான்று தீருமிடத்தில் வழிபாட்டுச் சான்று தொடங்குகிறது. தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தினர் தம் சாத்தா கோயிலுக்குச் செல்வர். எங்குக் குடிபெயர்ந்தாலும் அக்கோயில் மாறுவதில்லை. எனவே, “உங்கள் சாத்தா எது?” என்னும் வினா, “உங்கள் பூர்விக ஊர் எது?” என்பதற்கு ஒப்பாகும். ஆனால், எந்த வழியின் சாத்தா என்பதையும் உடன்கேட்க வேண்டும். மருமக்கள்வழி மறைந்தபின் பல குடும்பங்கள் தந்தையின் சாத்தாவைத் தமதாக்கிக்கொண்டன. இக்குடும்பத்தில் ஆடவர் மூவர் மூன்று வெவ்வேறு கோயில்களுக்குச் செல்கின்றனர். முதிய பெண்டிர் மட்டும் தோவாளைப் பகுதியிலுள்ள ஒரே கோயிலைக் குறிப்பிடுகின்றனர். மூதாட்டியின் ஊரைச் சுட்டும் தடம் பெண்டிர் வழக்கிலேயே எஞ்சியுள்ளது.

இத்தகைய வாய்மொழிச் சான்றுகளைக் கொள்ளும்போது தோற்றப் புனைவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். நகரத்தார் உள்ளிட்ட சில குலங்கள் தம் பூர்விகத்தைக் காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கொண்டுசெல்கின்றன. அவை குலத்தின் தன்னுணர்வைக் காட்டும் அரிய சான்றுகள். தனிக்குடும்பம் ஒன்றின் நான்காம் தலைமுறையை நிறுவ உதவா. சுந்தரனார் 1894இல் வெளியிட்ட ஆய்வில், வேணாட்டு மன்னர்களின் வரிசையைப் புராணக் கதைகளைச் சாராமல் தாம் படித்த கல்வெட்டுகளைக்கொண்டு அமைத்தார். கல்லில் இல்லாத இடத்தைக் கதையால் நிரப்பாத அம்முறை, மன்னர்க்கு மட்டுமன்றி மற்றவர்க்கும் பொருந்தும்.

முடிவுரை

இத்தேடலில் உறுதியாகப் பெறப்பட்டவை இரண்டு. ஸ்ரீவராகத்து வீட்டைக் கட்டியவர் இக்குடும்பத்தின் நேர் மூதாதையல்லர்; அவருடைய சகோதரியே மூதாதை. அவருடைய மனைவியும் மக்களும் ஒழிமுறி எழுதி வெளியேறினர். அச்சகோதரி கைம்பெண்ணாக வந்தாள் என்பதும், தோவாளைப் பகுதிச் சாத்தா கோயிலே அவள் ஊரைச் சுட்டும் என்பதும் ஊகங்கள். அவள் பெயர் பற்றிய குறிப்பு ஊகத்தினும் மெலிந்தது.

எனவே, திருத்தி வரைந்த கொடிவழியின் உச்சியில் உள்ள கட்டம் பெயரின்றி விடப்பட்டுள்ளது. பெயரைத் தந்துவிடுமாறு குடும்பத்தார் கேட்டனர். அக்கேள்வியின் ஏக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், இன்று ஊகமாக எழுதப்படுவது அடுத்த தலைமுறைக்கு மரபாகவும், அதற்கடுத்த தலைமுறைக்குச் சான்றாகவும் ஆகிவிடும். ‘பெரிய பாட்டா’ பாட்டனார் ஆனதும் அவ்வாறே. பக்கத்தில் மற்றொரு கட்டமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஒழிமுறி எழுதிக் கொடுத்துச் சென்ற அண்ணிக்கும் அவள் மக்களுக்கும் உரியது அது. அவர்தம் வழித்தோன்றல்கள் தோவாளையிலோ திருவனந்தபுரத்திலோ எங்கேனும் வாழ்ந்துவரலாம். தம் முன்னோர் ஒருவர் ஸ்ரீவராகத்தில் வீடு கட்டினார் என்னும் கதை அவர்களிடமும் இருக்கக்கூடும். அவர்கள் கையிலுள்ள ஓலையிலோ பத்திரத்திலோ நாத்தியின் பெயர் எழுதப்பட்டிருந்தால், வெறுமையாக உள்ள கட்டம் அன்று நிரம்பும்.